புள்ளடி போட்ட சைக்கிள்

எனக்கு அச்சு எழுத்து தெரியும். பஸ் போர்டு, மருந்துக் கடையின் பெயர், கோயில் நோட்டீஸ் எல்லாவற்றையும் எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவேன். கையால் எழுதியதைத்தான் வாசிக்க வராது. யாராவது அவசரத்தில் கிறுக்கியதைப் பார்த்தால் தாளில் எறும்பு ஊர்ந்த மாதிரித்தான் தெரியும். இங்கிலீசு ஓர் எழுத்தும் தெரியாது. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்ததாக ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். படித்தது இரண்டரை வருடம். இந்த உண்மை தெரிந்தவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர்தான். அவர்களுக்கும் நானாக விரும்பிச் சொல்லவில்லை. இதை எழுதி முடிக்க எனக்கு நிறைய நாள் பிடிக்கும். பிடிக்கட்டும்.

மகன் கத்தாரில் இருக்கிறான். மாத்தளைக்குப் பக்கத்தில் பல்லேபொலையில் எங்கள் வீட்டில் நானும் மருமகளும்தான். அவள் மிளகு வாங்கி விற்கிறாள். மேலே மலைச் சரிவில் இருக்கிற வீட்டுத் தோட்டங்களுக்குப் போய்ப் பச்சை மிளகை நிறுத்து வாங்கி, கீழே கொண்டுவந்து எங்கள் முற்றத்தில் காயப்போட்டு, மாத்தளை டவுன் கடைக்குக் கொடுப்பாள். ஓட்டோ பாதி தூரம்தான் ஏறும். அதற்கு மேல் கொங்கிரீட் போட்ட ஒற்றையடிப் பாதை. சாக்கைத் தலையில் வைத்து இறங்குவாள். ஒரு நாளைக்கு மூன்று நடை. கழுத்து வலிக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. இரவில் தைலம் வாசம் வரும், அவ்வளவுதான்.

அவள்தான் பெட்டரியில் ஓடும் மலைச் சைக்கிளைப் பற்றிக் கேட்டு வந்தாள். டயர் தடிப்பாக இருக்குமாம். சார்ஜ் போட்டு வைத்தால், நாம் மிதிக்க மிதிக்க மோட்டரும் சேர்ந்து இழுக்குமாம். ஏற்றத்தில் மூச்சு வாங்காதாம். டவுன் சைக்கிள் கடையில் இரண்டு வகை இருந்தன. விலை குறைந்ததற்குப் பேஸ் மொடல் என்று பெயர், விலை கூடினதற்கு ஃபுல் ஒப்ஷன்.

காசு நான் தருகிறேன் என்றேன். தோட்டத்தில் கொழுந்து எடுத்த காலத்தில் சம்பளத்தில் பிடித்து வைத்த சேமலாப நிதி பேங்கில் கிடந்தது. அவள் வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னாள். மூன்றாவது முறை, "சரி அத்த, அப்ப நீங்களே வாங்கிக் கொடுங்க" என்றாள். அந்த வார்த்தையில் எனக்கு ஓர் அங்குலம் உயரம் கூடிவிட்டது.

ஒரு கிழமை முழுக்க அவள் அந்த இரண்டு சைக்கிளையும் வைத்து யோசித்தாள். கடையில் கொடுத்த தாளை மேசையில் விரித்து வைத்துக்கொள்வாள். இரண்டு சைக்கிளின் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், கீழே எல்லாம் இங்கிலீசு. ஓரத்தில் அவள் தன் கையால் எதையாவது எழுதிக்கொண்டே இருப்பாள். எனக்கும் சொன்னாள். மோட்டர் இரண்டிலும் ஒன்றுதானாம், அதைத்தான் பிறகு மாற்ற முடியாதாம். பேஸ் மொடலில் பெட்டரி சின்னது, பிரேக் சாதாரணமானது. அதையெல்லாம் கையில் காசு சேரச் சேர நல்லதாக மாற்றிக்கொள்ளலாமாம். ஃபுல் ஒப்ஷனில் இப்போதே பெரிய பெட்டரி, நல்ல பிரேக், பின்னாலும் ஸ்பிரிங். ‘ஆனால்’ என்று ஆரம்பித்து இன்னும் ஏதோ சொன்னாள். நான் எல்லாம் தெரிந்தவள் மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டு, அடுப்பில் இருந்த பருப்பைப் பார்க்க எழும்பிப் போய்விட்டேன். அந்த ஆனாலுக்குப் பின்னால் இருந்ததைத்தான் நான் கேட்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமை கடைக்குப் போவது என்று முடிவானது. அன்றைக்கென்று மேலே ஒரு வீட்டில் மிளகு பறித்து வைத்திருந்தார்கள். அவள் போகாவிட்டால் வேறு ஆள் வாங்கிப் போய்விடுவான். விடிந்ததும் சாக்கைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினாள். படியில் இறங்கிக்கொண்டே சொன்னாள்.

"அத்த, முடிவு பண்ணிட்டேன். தாள்ல குறிச்சு வச்சிருக்கேன். வாசிச்சா உங்களுக்கு வெளங்கும்."

எது என்று ஒரு சொல் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். எட்டாம் வகுப்புப் படித்தவள் எப்படிக் கேட்பாள்?

தாளை எடுத்துப் பார்த்தேன். ஃபுல் ஒப்ஷன் படத்துக்குக் கீழே சிவப்புப் பேனாவால் இரண்டு கோட்டைக் குறுக்கே இழுத்துப் பெரிதாக ஒரு புள்ளடி போட்டிருந்தாள். அதற்குக் கீழே நாலைந்து வரி கையெழுத்து. மற்றப் படத்தில் ஒன்றும் இல்லை.

புள்ளடியை எனக்குத் தெரியாதா? வோட்டுரிமை கிடைத்த நாளிலிருந்து ஒரு எலெக்ஷனும் நான் தவறவிட்டதில்லை. வேண்டிய சின்னத்துக்கு நேரே கோட்டுக்கு வெளியே போகாமல் புள்ளடி போட வேண்டும் என்று சொல்லித் தருவார்கள். இதை எழுத உட்காரும் வரை நான் பேனா பிடித்தது அதற்கும் கையெழுத்துப் போடவும்தான். பிழை என்று வாத்தியாரிடம் புள்ளடி வாங்கும் அளவுக்கு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அதனால் எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. இவளும் என்னை மாதிரியே உயர்ந்ததைத்தான் கேட்கிறாள் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கடைக்காரர் டவுனில் பல காலமாக வியாபாரம் செய்கிற முஸ்லிம் மனிதர். தாளைக் காட்டி, புள்ளடி போட்டதை எடுங்கள் என்றேன். அவர் தாளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"அம்மா, மகள் போன கிழமை மத்தத தானே பாத்துட்டுப் போனாங்க. இதுல பின்னுக்குச் சாமான் வைக்கக் கெரியர் பூட்ட ஏலாது. மகளுக்கு ஒருக்கா ஃபோன் கோல் எடுத்துக் கேட்டுப் பாப்பமா?"

கடையில் வேறு ஆட்களும் நின்றார்கள். எனக்கு முகம் சுட்டது. "தாளும் இருக்கு, எனக்குக் கண்ணும் இருக்கு. வாசிக்கத் தெரியாதவகிட்ட பேசுற மாதிரிப் பேசாதீங்க" என்றேன்.

அவர் பில் புத்தகத்தை எடுத்தார். பில்லை என் பெயரில் எழுதினார். என் பெயரை நான் அழகாக எழுதுவேன். ஆறுதலாக, ஒவ்வோர் எழுத்தாக எழுதிக் கொடுத்தேன்.

பின்னேரம் சின்ன லொறியில் சைக்கிள் வந்து இறங்கியது. கறுப்பு நிறம், பளபளவென்று. பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளேயே வந்துவிட்டாள். ஃபுல் ஒப்ஷன் என்று அவள் கேட்காமலே சொன்னேன். அவள் சுற்றி வந்து பார்த்தாள்.

"இவ்வளவு பெரிய சைக்கிள்ல ஒரு தேங்கா வைக்க எடமில்லையே அக்கா."

பொறாமை என்று நினைத்தேன்.

மருமகள் சாக்கோடு வந்தாள். சாக்கை இறக்காமல் அப்படியே நின்றாள்.

"அத்த, இதையா எடுத்தீங்க?"

"ஆமா."

"நான் இது வேணாம், பிழைன்னு தானே போட்டிருந்தேன். காரணமும் எழுதியிருந்தேனே. வாசிச்சீங்களா?"

பிழை என்ற அந்தச் சொல் காதில் விழுந்த உடனே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.  அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் சிரித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் கடைக்குப் போயிருப்போம். நான் சொன்னது வேறு.

"வாசிச்சேன். எனக்கு இதுதான் சரின்னு பட்டுச்சு."

அவள் சாக்கை மெதுவாகக் கீழே வைத்தாள். "உங்க காசு அத்த. நீங்க சொல்றதுதான்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் அவளே ஒரு வழி சொன்னாள். ஓட்டாமல் சேறு படாமல் வைத்திருந்தால் ஒரு கிழமைக்குள் கடையில் மாற்றித் தருவார்களாம். பில் என் பெயரில் இருப்பதால் நான் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். ஃபுல் ஒப்ஷனில் பின் ஸ்பிரிங் இருப்பதால் கெரியர் நிற்காது, அதை எந்தக் காலத்திலும் மாற்ற முடியாது, பெட்டரியை அடுத்த வருடம்கூட மாற்றலாம் என்று பொறுமையாகத் திரும்பவும் விளக்கினாள். எல்லாம் இப்போது எனக்கு நன்றாக விளங்கியது. ஆனால் கடைக்காரர் முன்னால் போய் நான் எந்த முகத்தோடு நிற்பது?

"எடுத்தத திருப்பிக் குடுக்கிற பழக்கம் நம்ம வீட்டுல இல்ல" என்றேன்.

இப்படி ஒரு பழக்கம் எங்கள் வீட்டில் எப்போதும் இருந்ததில்லை. அந்த நிமிடத்தில் நான் உண்டாக்கியது. ஏழு நாள் அந்தச் சைக்கிள் அறையில் சுவரில் சாய்ந்து நின்றது. தினமும் காலையில் அவள் அதைப் பார்த்துவிட்டு, சாக்குக்கு அடியில் தலையில் வைக்கும் துணியைச் சுருட்டிக்கொண்டு போனாள். நான் அதைத் துடைத்து வைத்தேன். என்னை வாசிக்கத் தெரியாதவள் என்று அவள் நினைப்பதைவிட, பிடிவாதக்காரி, தன் சொல்லைத்தான் பெரிதாக நினைப்பவள் என்று நினைப்பது எனக்குச் சுகமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், அப்படித்தான் இருந்தது.

கிழமை முடிந்தது. இனி மாற்ற முடியாது என்றதும் அவள் சைக்கிளை வெளியே எடுத்தாள். ஏறும்போது நன்றாக ஏறியதாம். இறங்கும்போது சாக்கை முதுகில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். மதகுக்குப் பக்கத்து வளைவில் சாக்கு ஒரு பக்கம் சரிய, சைக்கிளும் அவளும் சேர்ந்து விழுந்தார்கள். முழங்கையில் தோல் உரிந்து, மணலும் மிளகுமாக அரைச் சாக்கைத் தோளில் போட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

முற்றத்தில் உட்கார்ந்து சுளகில் மிளகைப் போட்டு மணலைப் புடைத்தேன். பச்சை மிளகில் மணல் ஒட்டிக்கொண்டு போகவே இல்லை. அவள் படியில் உட்கார்ந்து கைக்கு மருந்து போட்டாள்.  நான் சுளகைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அந்தத் தாள நான் வாசிக்கல."

"வாசிக்காமலா எடுத்தீங்க?"

"கையெழுத்து எனக்கு வாசிக்கத் தெரியாது. நீ புள்ளடி போட்டிருந்தியே. வோட்டுப் போடுற மாதிரி, இதுதான் வேணும்னு நீ சொல்றதா நெனச்சேன்."

கொஞ்ச நேரம் அவளுக்குப் புரியவில்லை. பிறகு சிரித்தாள். வலிக்கிற கையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, தப்பித்தேன் என்று நினைத்தேன். அப்போது அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"அன்னைக்குப் பின்னேரமே உங்களுக்கு வெளங்கிருச்சு தானே அத்த?"

ஆமா என்று தலையை ஆட்டினேன்.

"அப்ப இந்த ஏழு நாள் என்ன செஞ்சீங்க?"

 புள்ளடியைப் பிழையாக எடுத்ததற்கு நான் வெட்கப்படவில்லை. தெரியாமல் செய்தது அது. அந்த ஏழு நாளும் தெரிந்து செய்தது.

மறுநாள் இரண்டு பேரும் சைக்கிளை லொறியில் ஏற்றிக் கடைக்குப் போனோம். ஏன் இப்போது கொண்டுவந்தீர்கள் என்று கடைக்காரர் கேட்டார். மருமகள் வாயைத் திறந்தாள், ஏதோ பொய் சொல்லி என்னைக் காப்பாற்றத்தான். அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, புள்ளடி கதையை நானே சொன்னேன். வேலை செய்கிற இரண்டு பேர் திரும்பி நின்று சிரித்தார்கள். கடைக்காரர் சிரிக்கவில்லை. அவர் சிரித்திருக்கலாம், நான் அன்றைக்குப் பேசிய பேச்சுக்கு. கீறலும் சேறும் பட்ட சாமானை முழு விலைக்கு எடுக்க முடியாது என்று மரியாதையாகச் சொன்னார். பேஸ் மொடலைக் கொடுத்தார். நேரத்தோடு மாற்றியிருந்தால், இரண்டு விலைக்கும் இடையில் மிஞ்சும் காசில் பெரிய பெட்டரியே வாங்கியிருக்கலாம். அது அந்தக் கீறலோடு போயிற்று.

இப்போது கெரியரில் சாக்கு ஆடாமல் அசையாமல் வருகிறது. கழுத்து வலியும் குறைந்திருக்கிறது. பெட்டரிதான் சின்னது. இரண்டு நடை போய் வந்தால், கடைசியில் எங்கள் வீட்டு ஏற்றத்துக்கு வரும்போது தீர்ந்துவிடும். அவள் இறங்கித் தள்ளுவாள். நான் கேட்டைத் திறந்துகொண்டு இறங்கிப் போய்ப் பின்னால் கை கொடுக்கிறேன். முழங்கால் வலிக்கும், நீங்கள் வர வேண்டாம் என்று ஒவ்வொரு நாளும் சொல்வாள். நான் கேட்பதில்லை.

போன கிழமை அப்படித் தள்ளிக்கொண்டு வரும்போது பக்கத்து வீட்டுக்காரி வேலியில் நின்று கேட்டாள்.

"அந்தப் பெரிய சைக்கிள என்ன செஞ்சீங்க அக்கா?"

"கெரியர் பூட்ட முடியல, அதான் மாத்திட்டோம்" என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது.

மருமகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பக்கத்து வீட்டுக்காரியிடம் "ஆமா அக்கா" என்றாள். சொல்லிவிட்டு முன்னால் திரும்பிச் சைக்கிளைத் தள்ளினாள். நான் குனிந்து சாக்கில் கையை வைத்துத் தள்ளினேன்.