மேட்டுக்கு அந்தப் பக்கம்

என் மகள் மேட்டுக்கு அந்தப் பக்கம் சேற்றில் கிடந்தாள். அவள் வண்டி அவள் காலின் மேல் கிடந்தது. நான் மேட்டின் ஓரத்தில் கையில் கொடியோடு நின்றிருந்தேன். இறங்கி ஓடினால் ஒரே மூச்சில் அவளிடம் போயிருக்கலாம். போகவில்லை. போகக் கூடாது. அந்த நேரத்தில் ஒரு தகப்பன் படும் பயத்தை இந்தச் சபையில் வேறு யாரும் பட வேண்டாம் என்று முதலில் ஜெபிக்கிறேன். பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

என்னை உங்களில் பலருக்குத் தெரியும். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். சபைக் கமிட்டியில் எதைத் தொடங்கினாலும் "அதுக்கு ஒரு முறை இருக்கு" என்று கையைத் தூக்குகிறவன். என் மனைவி ஹெலன் நர்ஸ். கல்யாணமாகி வெகுகாலம் எங்களுக்குப் பிள்ளை இல்லாதபோது எங்களுக்காக முழங்காலில் நின்றவர்கள் நீங்கள். கர்த்தர் கேட்டார். முதலில் ஜெனியைத் தந்தார். நான்கு வருஷம் கழித்து அபியைத் தந்தார். இரண்டு பேரும் செம்மண் மேட்டில் மோட்டார் பைக்கைப் பறக்கவிட வேண்டும் என்று நாம் யாரும் கேட்கவில்லை. அது அவர் தாமாகச் சேர்த்துக் கொடுத்தது.

இந்தப் பந்தயத்தைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். இது ரோட்டில் நடப்பதல்ல. நகரத்துக்கு வெளியே, கைவிட்ட ஒரு குவாரியில் மண்ணைக் குவித்து மேடும் பள்ளமுமாகத் தடம் போட்டிருப்பார்கள். மேட்டில் ஏறும் வண்டி காற்றில் எழும்பி அந்தப் பக்கம் போய் இறங்கும். ஏறி வருகிறவனுக்கு அந்தப் பக்கம் என்ன கிடக்கிறது என்று தெரியாது. அதனால் மேட்டின் ஓரத்தில் ஓர் ஆள் மஞ்சள் கொடியோடு நிற்பார். யாராவது விழுந்தால் அவர் கொடியை வீச வேண்டும். கொடியைக் கண்டவன் வேகத்தைக் குறைத்து, தாவாமல், மெல்ல உருட்டிக்கொண்டு இறங்க வேண்டும். நல்ல முறைதான். ரயில்வேயிலும் ஏறக்குறைய இதுதான். எங்களிடம் தாவுகிற வண்டி கிடையாது, அவ்வளவே.

எங்கள் வீடு மலையாள மண்ணில், கழக்கூட்டத்தில். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கழுத்தில் கம்பெனி அட்டையை மாட்டிக்கொண்டு ஐடி பார்க்குக்குப் போவார்கள். எங்கள் வீட்டு மொட்டைமாடிக் கயிற்றில் முழங்கால் கவசமும் சேறு போகாத கையுறையும் காயும். ஹெலன் ஒரு அடுப்பில் தோசை சுடுவாள். அடுத்த அடுப்பில் ஜெனி இடுக்கியால் ஸ்பார்க் பிளக்கைப் பிடித்துத் தீயில் காட்டிக்கொண்டிருப்பாள். அவளுடையது பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி. பிளக்கில் எண்ணெய் ஏறி அடிக்கடி அடைத்துக்கொள்ளும். அதன் சத்தமும் அலாதி. தகரத்தைக் கிழிப்பதுபோல் இருக்கும். அபியின் வண்டி புதுசு, கனத்த குரலில் உறுமும். சாப்பாட்டுக்கு முன் நான் ஜெபம் சொல்லி முடிப்பதற்குள் மேசைக்கு அடியில் ஒரு கை ஸ்பானரைத் தேடும்.

பந்தயம் எப்போதும் ஞாயிற்றுக்கிழமை. முதல் ஆராதனைக்கு வந்துவிட்டு, இங்கிருந்தே ஓடுவோம். அதைப் பற்றிச் சபையில் இருக்கும் கருத்து எனக்குத் தெரியும். எனக்கும் அதே கருத்துதான்.

ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு தாள் வரும். என்ன ஆனாலும் நாங்கள் பொறுப்பில்லை என்பதைப் பல விதமாகச் சொல்லும் தாள். எல்லோரும் படிக்காமல் கையெழுத்துப் போடுவார்கள். நான் படிப்பேன். படித்தவனுக்குத்தான் தூக்கம் போகும். ஹெலன் மைதானம் வரைக்கும் வருவாள். காரை விட்டு இறங்க மாட்டாள். கண்ணாடியை இறக்கிவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஜெபித்துக்கொண்டே இருப்பாள். ஓட்டம் முடிந்து இரண்டு பிள்ளைகளும் கார்க் கதவைத் தட்டினால்தான் கண் திறக்கும். "அம்மா, எந்திரி, ஸ்டேஷன் வந்தாச்சு" என்று ஜெனி கேலி செய்வாள்.

எனக்கு அந்த அளவு விசுவாசம் இல்லை. நான் மழையைக் கேட்பேன். பிள்ளைகளைத் தடுக்க எனக்குத் தைரியம் கிடையாது. அதனால் மேகத்தை அனுப்பச் சொன்னேன். ஆண்டவரே, தடம் முழுதும் தண்ணீர் கட்டட்டும், பந்தயத்தை நிறுத்தட்டும், யாருக்கும் மனவருத்தம் இல்லாமல் வீட்டுக்குப் போகலாம். ஒவ்வொரு முறையும் இதே ஜெபம்.

அபியைப் பற்றித்தான் கூடுதல் பயம். அதற்கு முந்திய பந்தயத்தில் அவன் மஞ்சள் கொடியைப் பார்க்காமல் தாவிவிட்டான். தண்டனையாகக் கடைசிக்குத் தள்ளினார்கள். அன்று சாப்பாட்டு மேசையில் சிக்னல் என்றால் என்ன என்று அவனுக்கு ஒரு பாடமே எடுத்தேன்.

"பறக்கும்போ ஆருப்பா கொடிய நோக்குது?" என்றான்.

"அப்பாவோட ஸ்டேஷனா இருந்தா இவன் வண்டிய பிளாட்ஃபார்ம் மேல ஏத்தியிருப்பான்" என்றாள் ஜெனி.

சென்ற ஐப்பசியில் ஒரு ஞாயிறு. ஆராதனை நடக்கும்போதே துலாவர்ஷ மழை கூரையில் கொட்டியது. நான் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தேன். ஸ்தோத்திரம் என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் இருந்தவர் பாட்டுக்குச் சொன்னதாக நினைத்திருப்பார்.

நாங்கள் குவாரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை நின்றுவிட்டது. பந்தயத்தை நிறுத்தவில்லை, சுருக்கினார்கள். நேரம் போதாது என்று பெண்கள் ஓட்டத்தையும் பையன்கள் ஓட்டத்தையும் ஒன்றாக்கிவிட்டார்கள். அதுவரை என் பிள்ளைகள் ஒருபோதும் ஒரே ஓட்டத்தில் ஓடியதில்லை. ஒருத்தி முடித்த பிறகுதான் இன்னொருவன். பயப்படுவதற்கு முறை வைத்துப் பயந்துகொண்டிருந்தோம். இப்போது இரண்டு பேரும் ஒரே தடத்தில், ஒருவர் பின் ஒருவராக. நான் கேட்டு வாங்கிய மழை செய்த வேலை.

மழை இன்னும் இரண்டு வேலை செய்தது. கார் நிறுத்தும் பள்ளத்தில் தண்ணீர் ஏறியதால் எல்லாக் கார்களையும் பெரிய மேட்டுக்கு அந்தப் பக்கம் வேலியோரம் அனுப்பினார்கள். இருப்பதிலேயே பயங்கரமான மேடு அதுதான். ஹெலன் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவது, கொடி பிடிக்கிறவர்களில் சிலர் மழையைப் பார்த்து வரவே இல்லை. பெரிய மேட்டுக்கு ஆள் இல்லை. ஜெனி நடத்துகிறவர்களிடம் போய் என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். எங்கள் அப்பா ஆயுசு முழுக்கக் கொடி காட்டியவர் என்று மலையாளத்தில் சொன்னாளாம். எல்லோரும் சிரித்தார்கள். கொடி என் கைக்கு வந்தது.

சொந்தப் பிள்ளை ஓடும்போது தகப்பன் கொடி பிடிக்கக் கூடாது என்று ஒரு விதி இருக்க வேண்டும். இல்லை. இருந்திருந்தால் அதைச் சொல்லித் தப்பித்திருப்பேன். நடத்துகிற இளைஞர் எனக்கு விளக்கினார்: என்ன நடந்தாலும் இந்த இடத்தை விட்டு நகரக் கூடாது, விழுந்தவரைத் தூக்க வேறு ஆள் வரும், கொடி போய்விட்டால் பின்னால் வருகிறவன் விழுந்தவர் மேலேயே இறங்குவான். இதை நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் என்றேன்.

ஓட்டம் தொடங்கியது. ஒவ்வொரு வண்டி தாவும்போதும் செம்மண் சேறு என் மேல் கொட்டியது. ஜெனி முன்னால், அபி கொஞ்சம் பின்னால். அடுத்த சுற்றில் ஜெனி மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் சறுக்கியது. வண்டி காற்றில் திரும்பியது. அவள் தலைக்கவசம் தரையில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு அந்தத் தகரம் கிழிகிற சத்தம் நின்றது. ஜெனி அசையவில்லை.

நான் கொடியை வீசினேன். அது நனைந்து, சேறு ஏறி, கம்பைச் சுற்றிக்கொண்டது. மஞ்சள் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. மண்ணின் நிறத்தில் ஒரு மூட்டையை ஆட்டிக்கொண்டிருந்தேன். முதலில் வந்த பையன் கடைசி நொடியில் பார்த்து வண்டியைத் திருப்பினான். அவன் சக்கரம் அவள் கைக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. ஆம்புலன்ஸ் தூரத்து மூலையில் சேற்றில் புதைந்து இரைந்துகொண்டிருந்தது.

அடுத்து அபி. சிவப்புத் தலைக்கவசம், தலையைக் குனிந்து வண்டியோடு ஒட்டிக்கொண்டு, முழு வேகத்தில். கொடி பார்க்காத பிள்ளை.

கீழே இறங்கி அவளை மறைத்துக்கொண்டு படுத்துவிடலாம் என்று உடம்பு சொன்னது. இறங்கினால் அபி எங்கள் இருவர் மேலும் இறங்குவான். மேட்டின் இந்தப் பக்கம் மகன், அந்தப் பக்கம் மகள். எனக்கு இருப்பது ஓர் உடம்பு. மழைக்காக அழகழகாக ஜெபித்த நாவுக்கு அப்போது ஒரே ஒரு வாக்கியம்தான் வந்தது.

"ஆண்டவரே, நான் இங்க நிக்கேன். நீரு அங்க போவும்."

சொன்னதும் கொடியைக் கீழே போட்டேன். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் நேராகத் தூக்கினேன். அது அந்தப் பந்தயத்தின் முறையில் இல்லை. கையில் கொடி இல்லாத ரயில்வேக்காரன் வண்டியை நிறுத்தக் காட்டும் அடையாளம் அது. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது ரயில்வே குவார்ட்டர்ஸ் முற்றத்தில் ரயில் ஓட்டுவார்கள். நான் வாசலில் இரண்டு கையையும் தூக்கினால் எஞ்சினும் நிற்கும், பின்னால் வரும் பெட்டியும் நிற்கும். நிற்காதவருக்கு அன்று சேமியா ஐஸ் கிடையாது.

அபி தலையைத் தூக்கினான். பிரேக்கை அழுத்தினான். வண்டி ஏற்றத்தில் சறுக்கி, அவனும் வண்டியுமாக என் காலடியில் வந்து விழுந்தான்.

"அக்கா அந்தப் பக்கம் கெடக்கா" என்றேன். "நீ பின்னால ஓடு மக்களே. கையத் தூக்கு. ஒருத்தனையும் விடாத."

அவன் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் ஓடினான். மேட்டின் அடியில் போய் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். வந்த வண்டிகள் அவன் முன்னால் ஒவ்வொன்றாக நின்றன.

அப்போதுதான் திரும்பினேன். திரும்பப் பயமாக இருந்தது. ஜெனி தனியாகக் கிடப்பாள் என்று நினைத்தேன்.

தனியாக இல்லை. ஹெலன் சேற்றில் முழங்காலிட்டு, அவள் தலையையும் கழுத்தையும் இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். தலைக்கவசத்தைக் கழற்ற ஓடிவந்த பையன்களைத் தொட வேண்டாம் என்று அதட்டி, வண்டியை மட்டும் தூக்கச் சொன்னாள். எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்தாய் என்று பிறகு கேட்டேன். "ரெண்டு சத்தம் வந்துட்டே இருந்துது. ஒண்ணு நின்னுச்சு. கண்ணத் தொறந்தேன்" என்றாள். கார் நேர் எதிரே வேலியோரம் நின்றது. வேலிக்கு அடியில் ஊர்ந்து வந்திருக்கிறாள். நான் கேட்டு வாங்கிய அதே மழைதான் அவளை அந்த இடத்தில் கொண்டுவந்து வைத்திருந்தது.

ஓட்டத்தை முழுவதுமாக நிறுத்திய பிறகுதான் நான் இறங்கினேன். ஜெனி கண்ணைத் திறந்தாள். தன் தாயையே பார்த்தாள்.

"அம்மா, நீ கண்ணத் தொறந்திருக்க" என்றாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறைக்கு வெளியே இருந்த நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல முடியவில்லை. அபி என் தோளில் சாய்ந்தே இருந்தான். ஹெலன் சேறு காய்ந்த கைகளைக் கழுவ மறுத்துவிட்டாள். கழுத்தெலும்பில் விரிசல் என்றார் டாக்டர். விழுந்த இடத்தில் யாராவது தலைக்கவசத்தைப் பிடித்து இழுத்திருந்தால், கையும் காலும் போயிருக்கலாம் என்றார். பிடித்திருந்தவர் யார் என்று கேட்டார். ஹெலன் கையை மட்டும் காட்டினாள்.

கிறிஸ்மஸ் ஆராதனைக்கு ஜெனி கழுத்துப் பட்டையோடு வந்ததை நீங்கள் பார்த்தீர்கள். இப்போது பட்டை இல்லை. கோயர் வரிசையில் நின்று பாடுகிறாள்.

அபியிடம் கொடியைப் பார்த்தாயா என்று கேட்டேன். "கொடியக் கண்டதே இல்லப்பா. கையத்தான் கண்டேன்" என்றான். இதற்கெல்லாம் விளக்கம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் கை உயர்ந்தது பழக்கம். அவன் நின்றது சின்ன வயது விளையாட்டு. ஹெலனுக்குக் கேட்டது தாயின் காது. வேறு யாராவது இந்தச் சாட்சியைச் சொல்லியிருந்தால் இந்த மூன்றையும் கையைத் தூக்கி எடுத்துச் சொல்லுகிற ஆள் நான்தான். ஆனால் அந்த மேட்டில் நின்றவனும் நான்தான். அங்கே போம் என்று நான் சொன்னேன். என்னால் போக முடியாத பக்கத்துக்கு அவர் போனார். ஹெலனின் முழங்காலில் போனார். என் பக்கத்தையும் விட்டுப் போகவில்லை.

அதன் பிறகு எங்கள் வீட்டில் சில காரியங்கள் மாறின. நான் மழையைக் கேட்பதில்லை. கர்த்தருக்கு வானிலை அறிக்கை எழுதிக் கொடுப்பதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு பந்தயத்திலும் பெரிய மேட்டில் கொடி என் கையில்தான். சேறு ஏறினால் மாற்றக் கைவசம் இன்னொரு கொடியும் வைத்திருக்கிறேன். பயம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். போகவில்லை. பயந்துகொண்டே நிற்கக் கற்றுக்கொண்டேன். அதுவும் அவர் தந்ததுதான்.

உங்கள் பிள்ளைகள் பைக் ஓட்டாமல் இருக்கலாம். ஒருவன் கல்ஃபில் இருப்பான், ஒருத்தி இரவு ஷிஃப்ட் முடிந்து பைபாஸில் தனியாக வருவாள், ஒருவன் வீட்டுக்குள்ளேயே கதவைச் சாத்திக்கொண்டு உங்களிடம் பேசாமல் இருப்பான். எல்லாப் பெற்றோருக்கும் ஒரு மேடு இருக்கிறது; அந்தப் பக்கம் நமக்குத் தெரியாது. நமக்குக் கொடுத்த இடத்தில் நாம் நிற்போம். அந்தப் பக்கம் போகச் சொல்லி அவரிடம் கேளுங்கள். போவார். நான் பார்த்தேன்.

அடுத்த மாதம் ஜெனி மறுபடி தடத்தில் இறங்குகிறாள். டாக்டர் சம்மதித்துவிட்டார். நானும் தாளை முழுவதும் படித்து, கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்த ஞாயிறு முதல் ஆராதனையில் எங்களுக்காக ஜெபியுங்கள். எதை வேண்டுமானாலும் கேளுங்கள். மழையை மட்டும் கேட்காதீர்கள்.