அம்மாவின் இடது கை

என் அண்ணியை எனக்குப் பிடிக்காது என்பது எங்கள் உறவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவளுக்கும் தெரியும். காவேரிப்பாக்கத்திலிருந்து வாழ வந்தவள், வந்த மறுமாதமே "அத்தை, அத்தை" என்று என் அம்மாவைக் கைக்குள் போட்டுக்கொண்டாள். பெற்ற மகள் நான் ஆம்பூரில், தோல் பதனிடும் ஷாப்பில் குமாஸ்தா வேலை பார்க்கும் புருஷனோடு இருந்தேன். அவள் வேலூரில், என் அம்மாவோடு ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டிருந்தாள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. வேலூரில் வெள்ளைக்கார டாக்டரம்மா ஒருவர் இருந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நோயாளியோடு ஒரு பெண்தான் தங்கலாம் என்று அங்கே கட்டளை. அதனால் நானும் அண்ணியும் நாள் மாற்றி நாள் இருப்பது என்று முடிவாயிற்று. நான் ரயிலில் காட்பாடி வந்து, ஜட்கா வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போவேன்.

வாரங்கள் போக, அம்மா சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்தாள். பேச்சு கொஞ்சம் குழறினாலும் புரிந்தது. டாக்டரம்மா ஒரு நாள் எங்களிடம், "முகம் கழுவறது, சேலை கட்டறது, தலை சீவறது, சாப்பிடறது, கக்கூஸ் போறது, இதெல்லாம் அவங்க தானா என்ன செய்றாங்க, எதுக்கு ஆள் வேணும்னு நர்ஸ் பார்த்துச் சொல்லணும். அப்புறந்தான் வீட்டுக்கு அனுப்புவேன்" என்றார்.

எந்த வீட்டுக்கு என்பதுதான் எனக்கு முக்கியம். நான் ஆம்பூரில் ஒரு அறையை ஒழித்து, புதுக் கயிற்றுக் கட்டில் போட்டு வைத்திருந்தேன். "பொண்ணு வூட்ல போயி இருந்தா நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?" என்று அண்ணன் முறைத்தான். நாலு பேரைப் பற்றி எனக்குக் கவலையில்லை. இந்த ஒருத்தியிடமிருந்து அம்மாவை மீட்டால் போதும் என்றிருந்தது.

என் முறை நாட்களில் அம்மாவை நான் ராணி மாதிரி வைத்திருந்தேன். முகம் துடைப்பேன், எண்ணெய் தடவித் தலை வாருவேன், சேலை கட்டிவிடுவேன், ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து ஊட்டுவேன். பக்கத்துக் கட்டில்காரி, "பொண்ணுன்னா இப்டி இருக்கணும்" என்பாள். அதைக் கேட்கும்போது எனக்கு உச்சி குளிர்ந்துபோகும். ஊட்டும்போது சில நேரம் என்னையறியாமல் கண்ணீர் வந்துவிடும். அம்மா வாயைத் திறந்துகொண்டே என் முகத்தைப் பார்ப்பாள்.

கக்கூஸுக்கு மட்டும் அவள் என்னை உள்ளே விடமாட்டாள். வாசல்வரை பிடித்துக்கொண்டு போய், தண்ணீர்ச் சொம்பை உள்ளே வைத்துவிட்டு வெளியே நிற்பேன். கூச்சப்படுகிறாள் என்று நினைத்து நானும் வற்புறுத்தவில்லை.

ஒரு நாள் சீக்கிரமே வந்துவிட்டேன். அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, ஒற்றைக் கையால் முந்தானையைத் தோளில் போடப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தாள். அண்ணி தரையில் உட்கார்ந்து வெற்றிலை மென்றபடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு அவிஞ்சா போச்சு அண்ணி? எடுத்துப் போட்டா கை தேஞ்சிடுமா?" என்று கத்தினேன்.

அண்ணி வெற்றிலையை மென்றுகொண்டேயிருந்தாள். பதில் சொன்னது அம்மா. "நீ சும்மா இருடீ. போட்டுக்கினுதான இருக்கேன்."

எனக்குச் சுருக்கென்றது. யாருக்காகக் கத்தினேனோ அவளே என்னை அடக்கினாள், அதுவும் இவள் எதிரில். அன்று முழுக்க என் மனம் ஆறவேயில்லை.

இதற்குள் நர்ஸம்மாவுக்கு ஒரு குழப்பம் வந்துவிட்டது. முறை மாறும்போதெல்லாம் அவர் எங்களைக் கேட்பார். அம்மா தானாகச் சாப்பிட்டாளா என்றால் நான் "இல்லை, ஊட்டித்தான் விட்டேன்" என்பேன். மறுநாள் அண்ணி "தானா சாப்ட்டாங்க" என்பாள்.

"ஒரே அம்மா எப்படி ஒரு நாள் சாப்பிடறாங்க, ஒரு நாள் சாப்பிடலை?" என்று கேட்டார் நர்ஸம்மா.

"பொய் சொல்றாங்கம்மா. ஊட்டறதுக்குச் சோம்பேறித்தனம். அம்மாவைப் பட்டினி போடறாங்களோ என்னமோ" என்றேன் நான். கூசாமல் சொன்னேன், நம்பியும் சொன்னேன். இவள் பொய்க்காரி என்று வெளிச்சமானால் அம்மா ஆம்பூருக்கு வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

மறுநாள் அண்ணியின் முறை. என்னையும் இருக்கச் சொன்னார் நர்ஸம்மா. மத்தியானம் அம்மா முன்னால் தட்டை வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு இடது கையால் சோற்றைப் பிசைந்தாள். பாதி சிந்தியது. ஆனால் உருண்டை பிடித்து, வாயில் போட்டு, மென்று விழுங்கினாள். தட்டு காலியாகும்வரை தானே சாப்பிட்டாள்.

"இடது கையாலயாம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

"இவங்க இருக்கிற நாள்ல மட்டும் ஏன் சாப்பிட மாட்டேங்கறாங்க?" என்று நர்ஸம்மா என்னைக் காட்டி அண்ணியிடம் கேட்டார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். நர்ஸம்மா விடாமல் கேட்கவும் அண்ணி சொன்னாள்:

"சோத்துக்கை வராமப் போச்சுங்கம்மா. இருக்கிறது ஒரு கை. அதாலயே கால் கழுவிக்கினு அதாலயே எப்டி சோறு துன்னுவாங்க? அருவருப்பா இருக்கும்ல? அதான் என் மொறையில நானே கழுவி வுட்டுர்றேன். அந்தக் கை சோத்துக்கு இருக்கட்டும்னு."

கக்கூஸ் வாசலில் நான் வெளியே நின்ற நாட்களெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தன. என் முறையில் அம்மா அந்த ஒரு கையால் தானே கழுவிக்கொண்டிருக்கிறாள். அதனால்தான் அந்தக் கையால் சோற்றைத் தொடாமல், என்னிடம் குழந்தை மாதிரி வாயைத் திறந்திருக்கிறாள்.

நான் ஊட்டிய சோறு, வாரிய தலை, பக்கத்துக் கட்டில்காரியின் புகழ்ச்சி எல்லாம் ஒன்றுமில்லாமல் போயிற்று. அண்ணி செய்தது யாரும் ஆசைப்படாத வேலை. அதற்கும் நான் பொறாமைப்பட்டேன். முன்னால் பட்டதெல்லாம் அன்று பட்டதற்குப் பக்கத்தில் நிற்காது.

"ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? நான் செய்யமாட்டேனா?" என்றேன்.

அம்மா மெதுவாக, குழறிக் குழறிச் சொன்னாள். "உங்கிட்ட சொன்னா நீ அழுவ. அவ அழமாட்டா. ஊர்க்கதை பேசிக்கினே கழுவி வுட்டுருவா. எனக்கும் கூச்சம் ஒண்ணும் தெரியாது."

அவள் சொல்லி முடிக்கும் முன்பே நான் அழுதுகொண்டிருந்தேன். "பார்த்தீங்களா" என்பதுபோல அம்மா நர்ஸம்மாவைப் பார்த்தாள்.

மாலையில் டாக்டரம்மா வந்து, எந்த வீட்டுக்குப் போகிறீர்கள் என்று அம்மாவையே கேட்டார். அம்மா இடது கையை உயர்த்தி அண்ணியைக் காட்டினாள். என் கயிற்றுக் கட்டிலைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒரு நாள் கழித்து அழைத்துப்போகலாம் என்றார் டாக்டரம்மா.

இடையில் இருந்த அந்த ஒரு நாள் என் முறை. விடிந்ததும் அம்மா எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் சொம்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். கக்கூஸ் வாசலில் அவள் நின்றாள். நான் வெளியே நிற்கவில்லை.

"இன்னிக்கு நான் வர்றேன்" என்றேன்.

அம்மா என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"மொதல்ல கண்ணத் தொடச்சிக்கினு வா."

முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். அண்ணி என்ன கதை பேசுவாளோ எனக்குத் தெரியாது. ஆம்பூரில் எதிர்வீட்டு ஆடு தோல் ஷாப்புக்குள் புகுந்து முதலாளியின் தலைப்பாகையைத் தின்ற கதையை ஆரம்பித்தேன். குரல் நடுங்கியது, நிறுத்தவில்லை. அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது.

அன்று மத்தியானம் நான் சோற்றைப் பிசையப் போனபோது, அம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இடது கையால் உருண்டை பிடித்து, நிதானமாக, கடைசிப் பருக்கைவரை தானே சாப்பிட்டாள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். இதைப் பார்க்க அண்ணி அங்கே இல்லாமல் போனாளே என்றுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.