வேல்ஸ் கடற்கரையில் பாரிஸ் நேரம்

நானும் என் கணவர் அன்ரனும் பாரிஸில், லா சப்பலில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறோம். முதல் ஒன்பது வருடமும் எங்கள் விடுமுறை என்பது ஞாயிறு மத்தியானத் தூக்கம்தான். எனக்கோ கடலோரமாகக் கால் வலிக்க நடக்க வேண்டும், அதுவும் இவரோடு. வேல்ஸ் கரை முழுவதும் நடைபாதை இருக்கிறது என்று வாசித்த நாளிலிருந்து நச்சரித்து, போன வருடம் செப்டெம்பரில் கிளப்பிவிட்டேன். கார் து நோர் ரயில் நிலைய வாசலில் நிபந்தனை போட்டார்.

"உமக்காக ஒருக்கா வாறன். பிடிக்காட்டி, பிறகு என்னைக் கேக்கப்படாது."

நானும் பதிலுக்கு ஒன்று போட்டேன். கடையிலிருந்து யாரும் கூப்பிடாதபடி இரண்டு ஃபோனும் நிறுத்தப்பட்டுப் பையின் அடியில் கிடக்க வேண்டும்.

லண்டனுக்கு இரண்டேகால் மணி நேரம், ஆளுக்கு 94 யூரோ. அங்கே ரயில் நிலையம் மாறி, சுவான்சிக்கு இன்னும் மூன்று மணி நேரம். மறுநாள் காலை அங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் ரொசிலி. பச்சை மேடு, செம்மறிகள், கீழே ஐந்து கிலோமீற்றர் மணல். நான் கடலையே பார்த்து நிற்க, இவர் கைமணிக்கூட்டைப் பார்த்துச் சொன்னார்: "இப்ப கடையிலை மரக்கறி வந்து இறங்கியிருக்கும்." மணிக்கூடு பாரிஸ் நேரத்திலேயே ஓடியது. ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளச் சொன்னேன். கேட்டால்தானே!

ரொசிலியின் நுனியில் வேர்ம்ஸ் ஹெட் என்ற பாறைத்தீவு இருக்கிறது. கடல் வற்றும்போது மட்டும் பாறைகள்மேல் நடந்து போகலாம். மூன்று மணிக்குள் கரை திரும்ப வேண்டும் என்று பலகையில் எழுதியிருந்தது. பதினொரு மணிக்கு இறங்கினோம். கடலுக்குள் நீண்ட தீவின் நுனிக்கு இன்னும் பத்து நிமிட நடை இருந்தது. கடல் நாய்கள் குரைக்கும் சத்தம்கூடக் கேட்டது. அப்போதுதான் இவர் மணிக்கூட்டைப் பார்த்தார். இரண்டு இருபது.

"ஓடும், தண்ணி ஏறப்போகுது!"

சிப்பி ஒட்டிய பாறைகளில் வழுக்கி விழுந்து, முழங்கால் தோல் உரிந்து, கரை ஏறினோம். கரையிலிருந்த கடற்காவல் கூடத்து மனிதர் சிரித்தார். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே, ஏன் இந்த ஓட்டம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் இவரைப் பார்த்தேன். இவர் மணிக்கூட்டைப் பார்த்தார். திரும்பிப் போய்வர நேரம் போதாது.

பயணம் இத்தோடு சரி என்று நினைத்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பஸ்ஸில் முழங்காலைத் துடைத்துக்கொண்டே இவர் சொன்னார்: "அந்த நுனியைப் பாக்காமல் விடேலாது."

ஜனவரியில் போனோம். காற்று ஆளைத் தள்ளியது, பாறைகளில் இறங்கவில்லை. அன்று மாலை ஒரு கிராமத்து மதுச்சாலையில் வெள்ளைத் துணி போர்த்திய குதிரை மண்டையோட்டோடு ஒரு கூட்டம் வந்து கதவைத் தட்டிப் பாடியது. மாரி லூயிட் என்ற வழக்கம் அது. உள்ளே இருப்பவர்கள் எதிர்ப்பாட்டுப் பாட வேண்டும், தோற்றால் கதவைத் திறந்து விருந்து கொடுக்க வேண்டும். மன்னாரில் நத்தார் கரோல் பாடிய என் மனிதர் சும்மா இருப்பாரா? எழுந்து தமிழில் ஒன்றை எடுத்துவிட்டார். வெளியே ஒரே ஆரவாரம்.

மார்ச் முதலாம் திகதி வேல்ஸ்காரருக்குப் பெருநாள், அதற்கும் போனோம். சட்டையில் மஞ்சள் டாஃபடில் பூ, கையில் கல்லில் சுட்ட திராட்சைக் கேக். ஆனால் மார்ச் முதல் ஓகஸ்ட் முடியும்வரை பறவைகள் கூடு கட்டுவதால் அந்த நுனிக்குப் போகக்கூடாதாம். நான் சலித்துக்கொண்டேன். "செப்டெம்பர் வரும்தானே," என்றார் இவர்.

வந்தது. நுனிவரை போய், கடல் நாய்களைப் பார்த்துக்கொண்டு புளிச்சாதம் சாப்பிட்டோம். மணிக்கூடு வேல்ஸ் நேரம் காட்டியது. ஒருவருக்கும் அவசரம் இருக்கவில்லை.

போகிறவர்களுக்கு: கடல் வற்றும் நேர அட்டவணையை அன்றன்றே பாருங்கள். பிடிமானமுள்ள சப்பாத்து அவசியம். பிரெஞ்சுக் கடவுச்சீட்டு இருந்தாலும் பிரித்தானியப் பயண அனுமதிக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். சுவான்சிக்குத் திரும்பும் கடைசி பஸ் நேரத்தைக் குறித்துவையுங்கள். முக்கியமாக, மணிக்கூட்டை மாற்றுங்கள்.

திரும்பி வந்தும் மாற்றத் தெரிய வேண்டும். நேற்றுக் கடையில் ஒரு பெடியன் நேரம் கேட்டான்.

"பன்னிரண்டரை," என்றார் இவர்.

"அண்ணை, ஒண்டரை எல்லோ?"

"ஓம் தம்பி," என்று வெங்காயத்தை நிறுத்துக்கொண்டே சொன்னார். "அங்கை இப்பதான் தண்ணி வத்தியிருக்கும்."