அக்கா மூடிய கதவு

அக்காவின் கருமாதி மலருக்கு நான் எழுத வேண்டும் என்று முடிவானபோது, "நல்லத மட்டும் எழுதுப்பா" என்றார் பெரியப்பா. நல்லதைத்தான் எழுதுகிறேன். ஆனால் அக்காவைக் கொன்றது எது என்பதை எழுதாமல் விட எனக்கு மனம் ஒப்பவில்லை.

குமராட்சிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்து, சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டவர் அக்கா. அவர் வீட்டுத் தரையில் சோற்றைப் போட்டே சாப்பிடலாம் என்று சொல்லாத உறவினர் இல்லை. காலையில் பினாயில், பீரோவில் அந்துருண்டை, குளியலறையில் ஆசிட். பொழுது சாய்ந்தால் ஜன்னல்களைச் சாத்திவிட்டுச் சாம்பிராணி போடுவார். நான் இருமினால், "பொகை வெளிய போனா வீணுடா தம்பி, உள்ள இருந்தாதான் கொசு சாவும்" என்பார். அந்தப் பழக்கமே அவருக்கு எமனாயிற்று.

சுனாமிக்கு அடுத்த ஆண்டு மழையில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. வடிந்தபின் குளியலறை முழுக்கச் சேறு. தெருவில் பிளீச்சிங் பவுடர் கொடுத்தார்கள். அதையும் ஆசிட்டையும் சேர்த்தால் இரட்டிப்பாக வேலை செய்யும் என்று அக்கா நினைத்தார். பவுடரைக் கொட்டி, மேலே ஆசிட்டை ஊற்றி, சாம்பிராணிக்குச் செய்வதுபோலக் கதவையும் சாத்திக்கொண்டார்.

"என்னா நெடி இது, வெளிய வா" என்று மாமா கதவைத் தட்டினார்.

"இருங்க, தொறந்தா காரம் போயிடும்" என்றார் அக்கா.

அதன்பின் இருமல்தான் கேட்டது. மாமா கதவை உடைத்துத் தூக்கி வந்தார். இரண்டும் கலந்தால் வருவது விஷவாயு என்று மருத்துவர் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். படித்த வீடு என்று பெயர். எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் பார்த்ததில்லை.

உயிர் பிழைத்தாரே தவிர, நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பினாயில், ஊதுபத்தி, முகப் பவுடர் என எந்த வாசனை பட்டாலும் மூச்சு இழுக்கும். எல்லாவற்றையும் வீட்டைவிட்டு அகற்றினார். சோப்புத் தண்ணீரும் தேய்க்கும் பிரஷும் போதும் என்றார். கொசுவலை கட்டினார். ஜன்னல்கள் திறந்தே கிடந்தன. "முன்ன மாதிரி வீடு மணக்கலையே" என்று உறவினர்கள் குறைப்பட்டபோது, "ஒண்ணும் மணக்கலன்னாதான் எனக்கு உசுரு" என்றார்.

ஒரே மகளின் கல்யாணத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அவர் மூச்சைப் பிடித்து வைத்திருந்தார். மண்டபத்தைப் பினாயில் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். உள்ளே ஓமப்புகை வேறு. பட்டுப்புடவையோடு வாசல்வரை வந்தவர் இரைக்க இரைக்கத் திரும்பிப் போய்க் காரில் உட்கார்ந்தார். கெட்டிமேளம் அங்கேதான் அவர் காதில் விழுந்தது. தாலி ஏறியதும் மகள், பெரியவர்கள் தடுத்தும் கேளாமல், மாலையையும் தலைப்பூவையும் கழற்றி வைத்துவிட்டு ஓடி வந்து கார்க் கதவருகே விழுந்து வணங்கினாள். "நல்ல நாளும் அதுவுமா வச்ச பூவ ஏன்டி எடுத்த" என்று அக்கா அழுதார். அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

சென்ற மாதப் புயலில் கரண்ட் போனது. மருந்தை ஆவியாக்கித் தரும் மெஷின் ஓடவில்லை. கடலூர் மருத்துவமனைக்குக் கொண்டுபோயும் பலன் இல்லை.

ஜெனரேட்டர் ஓடிய தம் கடைக்குள் மெஷினோடு அக்காவைக் கொஞ்ச நேரம் உட்காரவைத்த மருந்துக்கடைக்காரருக்கும், விழுந்த மரங்களை வெட்டி விலக்கி வண்டிக்கு வழிவிட்ட இளைஞர்களுக்கும், இத்தனை ஆண்டுகளாகப் பவுடர் பூசாமல், பூ வைக்காமல் அக்காவைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது. படத்துக்கு ஊதுபத்தி ஏற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

அக்காவை எடுத்துச் சென்றபின், வழக்கப்படி வீடு கழுவச் சித்தி பினாயிலோடு வந்தார். மாமா ஓடிவந்து அந்தப் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார்.

"வெறுந்தண்ணி ஊத்துங்க சித்தி. அவளுக்கு ஆவாது."