பிலோமினா விண்ணப்பித்த மூன்று கல்லூரிகள்

பிலோமினாவின் அண்ணன் அன்ரனின் தொலைபேசி அழைப்பு வந்தபோது நான் வேலையிடத்தில் இருந்தேன். காலையில் வந்து சேர்ந்த இரத்த மாதிரிக் குழாய்களுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, பிலோ இல்லை" என்றான்.

தங்கையைத் தேடுகிறான் என்றுதான் நினைத்தேன். "இஞ்சயும் இன்னும் வரேல்ல தம்பி. நேற்று ஆல்பனிக்கு வகுப்புக்கு எல்லோ போனவ? அங்க ஆரின்ரையும் வீட்டில நிண்டிருப்பா" என்றேன்.

மறுமுனையில் இருந்து, "அப்பிடி இல்லை அக்கா. பிலோ இல்லை" என்று அதையே மறுபடியும் சொன்னான். மழை என்றான், மோட்டர்வே என்றான், லொறி என்றான். என் கையிலிருந்த குழாயில் யாருடைய பெயரை ஒட்டினேன் என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பெண் அதை வாங்கிச் சரிபார்த்தாள்.

பிலோமினா என்னைவிட மிகவும் இளையவள். இப்படியொரு நினைவுக் குறிப்பில் 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. எழுதிப் பார்த்தேன், வேறு யாரையோ பற்றி எழுதுவது போலிருந்தது. அதனால் அவள் என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதை வாசிக்கும் உங்களில் பலர் அவளை ஞாயிறு பூசையில் பார்த்திருப்பீர்கள். சிலருக்கு அவள் நோகாமல் இரத்தம் எடுத்துவிட்ட பிள்ளை. அவள் என்ன ஆக முயன்றாள் என்பதும், அந்த முயற்சி அவளை என்ன செய்தது என்பதும் உங்களில் மிகச் சிலருக்கே தெரியும்.

மன்னார்தான் அவளுடைய ஊர். தாய் அவளுடைய சிறு வயதிலேயே இறந்துவிட்டார். தகப்பன் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். தொண்ணூறாம் ஆண்டில் மகளைக் கூட்டிக்கொண்டு இந்தியாவுக்குப் படகேறினார். வழியில் காயப்பட்டு, கரை காணுமுன் இறந்துபோனார். அந்த மரணத்தைப் பற்றி அப்போது எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நெடுங்காலம் அவள் எவருக்கும் அதற்கு மேல் ஒரு சொல்லும் சொன்னதில்லை. முன்பே ஓக்லாந்துக்கு வந்து வெல்டிங் வேலை செய்துகொண்டிருந்த அண்ணன் அன்ரன் அவளை இங்கே எடுப்பித்தான். ஒடாஹுஹுவில் எங்கள் வீட்டின் பின்பக்க யூனிற்றில் இருவரும் வாடகைக்கு இருந்தார்கள்.

இரவில் பேக்கரியில் பாண் அடுக்கினாள். பகலில் பல்கலைக்கழகம் போனாள். கையில் கிடைத்தது விஞ்ஞானப் பட்டமும், அதோடு பி, பி மைனஸ் என்ற புள்ளிகளும், சேதன இரசாயனத்தில் ஒரு சியும். இந்த நாட்டு மருத்துவபீடம் இரண்டு முறை இல்லை என்றது. இரண்டாம் முறை இல்லை என்றபோது அவள் சிரித்துக்கொண்டு சொன்னதை நான் மறக்கவில்லை. "கெட்டிக்காரர் எல்லாரும் டொக்டராகட்டும் அக்கா. என்னை மாதிரி நடுத்தரமானவையும் ரெண்டு பேர் இருந்தால் என்ன குறைஞ்சு போகும்?"

நான் வேலை செய்த மவுண்ட் வெல்லிங்டன் இரத்தப் பரிசோதனை நிலையத்திலேயே அவளும் வேலைக்குச் சேர்ந்தாள். நாள் முழுவதும் குனிந்திருந்து கழுத்து வலி வந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு ஒஸ்டியோபதி வைத்தியர் இருந்தார், வெள்ளைக்காரர். இந்த நாட்டில் அவர்கள் எலும்பையும் தசையையும் கையால் பிடித்துக் குணப்படுத்துகிறவர்கள். ஊசி மருந்து, சத்திரசிகிச்சை எதுவும் அவர்களுடைய வேலை இல்லை. ஆனால் அமெரிக்காவில் ஒஸ்டியோபதி மருத்துவக் கல்லூரியில் படித்து வருகிறவர் முழு டொக்டர் என்றும், அந்தக் கல்லூரிகளில் சில புள்ளிகளை மட்டும் பார்க்காமல் ஆளையும் பார்க்கும் என்றும் அவர் அவளிடம் சொல்லியிருக்கிறார். அன்று மத்தியானம் சாப்பாட்டு அறைக்கு வந்தவள் டப்பாவைத் திறக்கவே இல்லை. "அக்கா, இன்னொரு வாசல் இருக்குது" என்றாள்.

அப்போது அமெரிக்கா முழுவதிலும் அப்படிப்பட்ட கல்லூரிகள் இருபதுகூட இருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் எழுதிப்போட்டு விவரப் புத்தகங்களைத் தருவித்தாள். என் சமையலறை மேசையில் அவற்றைப் பரப்பிக்கொண்டு அன்ரனும் சேர்த்து மூவரும் சனிக்கிழமைகளில் உட்கார்ந்தோம். வெளிநாட்டாரை எடுப்பதில்லை என்று எழுதியிருந்தவற்றை முதலில் ஒதுக்கினோம். தங்கள் மாநிலத்துப் பிள்ளைகளுக்கே இடம் என்றவற்றையும் ஒதுக்கினோம். மேசையில் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. நான் குளிர் குறைந்த இடமா, தமிழ்ச் சனம் இருக்குமா என்று பார்த்தேன். அன்ரன் கட்டணத்தைப் பார்த்தான். எந்தக் கல்லூரி ஆகக் குறைந்த புள்ளிக்கு ஆள் எடுக்கும் என்றும் தேடினோம். அவள் எங்கள் இருவரையும் நிறுத்தினாள்.

"எங்க என்னை எடுப்பினம் எண்டு பாக்காதேங்கோ. சில இடத்தில மார்க்ஸைப் பாத்த உடனே குப்பையில போட்டிடுவினம். எங்க நான் எழுதினதை வாசிச்சுப் பாத்திட்டு வேண்டாம் எண்டு சொல்லுவினமோ, அங்க போடுவம்."

அப்படிப் பார்த்து மூன்று கல்லூரிகளைத் தெரிந்தெடுத்தாள். ஒன்று புதிதாகத் தொடங்கியது. பெயர் எடுக்காதவர்கள் துணிந்து ஆள் எடுப்பார்கள் என்றாள். மற்றொன்று, முதல் வருடத்தைவிடக் கடைசி வருடப் புள்ளிகள் ஏறியிருந்தால் அதைக் கவனிப்போம் என்று எழுதியிருந்தது. மூன்றாவது ஒரு சிறு நகரத்தில் இருந்தது. டொக்டர் இல்லாத ஊர்களுக்குப் போகக்கூடியவர்களைத் தேடுகிறோம் என்று அதன் முதற் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தை அவள் எனக்கு வாசித்துக் காட்டினாள்.

ஏன் டொக்டராக விரும்புகிறீர் என்று ஒரு கட்டுரை எழுதவேண்டியிருந்தது. பேக்கரி, பரிசோதனை நிலையம், கழுத்து வலி என்று ஒழுங்காக எழுதியிருந்தாள். அன்ரன் வாசித்துவிட்டு மேசையில் போட்டான்.

"இதில என்ன கிடக்கு? அப்பான்ர கதையை எழுது. உன்ர மார்க்ஸுக்கு அது ஒண்டுதான் இருக்கு. வாசிச்சா அழுவினம், எடுப்பினம்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது, சொல்லவும் செய்தேன். அவள் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். குரல் உயரவில்லை.

"என்ர அப்பாவைக் காட்டி மார்க்ஸ் வாங்கச் சொல்லுறியளோ? அந்தாள் செத்தது எனக்கு சீற் எடுத்துத் தாறதுக்கில்லை."

கட்டுரை அப்படியே போனது. ஒஸ்டியோபதி வைத்தியர் பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்தார். நுழைவுப் பரீட்சையிலும் நடுத்தரமான புள்ளிதான் வந்தது. இரண்டு கல்லூரிகள் சீக்கிரமே மறுத்துவிட்டன. கட்டுரையை வாசித்தார்களா இல்லையா என்று தெரியாத அளவுக்குச் சுருக்கமான பதில். மூன்றாவது, அந்தச் சிறு நகரத்துக் கல்லூரி, நேர்முகத்துக்கு வரச் சொன்னது.

அன்ரன் டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். என் கம்பளிக் கோட்டை அவளுக்குக் கொடுத்தேன்; தோளில் பெரிதாக இருந்தது. திரும்பி வந்த அன்று விமான நிலையத்திலிருந்து நான்தான் காரில் கூட்டிவந்தேன். வழியெல்லாம் பனியைப் பற்றியே கதைத்தாள். வீட்டு வாசலில் காரை நிறுத்தியும் இறங்கவில்லை.

"மூண்டு பேர் இருந்தவை அக்கா. ரெண்டு பேர் அந்த சி எப்பிடி வந்தது எண்டு கேட்டினம். இரவு வேலை எண்டு சொன்னன். மற்றது ஒரு வயசான மனிசி. நல்ல முகம். ஏன் இந்தப் படிப்பு எண்டு கேட்டா. பாடமாக்கினதைச் சொன்னன். அவ பாத்துக்கொண்டே இருந்தா. இன்னும் ஏதோ இருக்குது, அதைச் சொல்லு எண்ட மாதிரி."

"பிறகு?"

"சொல்லிப்போட்டன்."

படகு, தகப்பனின் தொடையில் பட்ட காயம், அதை அவள் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தது, பிடித்த கைக்குக் கீழே அவர் குளிர்ந்துபோனது எல்லாவற்றையும் அந்த மூன்று அந்நியர்களிடம் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்தாராம். தண்ணீர் கொடுத்தார்களாம். எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்களாம். "எனக்கு இடம் கிடைச்சிட்டுது எண்டுதான் நினைக்கிறன்" என்று சொன்னாள். அதில் சந்தோசம் இருக்கவில்லை.

ஒரு மாதத்துக்குள் பதில் வந்தது. இம்முறை நீண்ட கடிதம், அன்பான கடிதம். உங்கள் கதை எங்களை ஆழமாகத் தொட்டது என்று எழுதியிருந்தார்கள். ஆனாலும் போட்டி கடுமை, விஞ்ஞானப் பாடங்களின் புள்ளிகள் போதாது என்று முடித்திருந்தார்கள். வாசித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லும் இடத்தைத்தான் அவள் தேடினாள், அது கிடைத்துவிட்டது. என் வீட்டுப் பின்கதவுப் படியில் உட்கார்ந்து கடிதத்தை மடித்தாள். அழவில்லை.

"அப்பாவை அந்த மேசையில வச்சிட்டு வந்திட்டன் அக்கா. இனி எப்பிடித் திருப்பி எடுக்கிறது?"

நானும் அந்தப் படியில் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு அவள் பழையபடி இருக்கவில்லை. ஞாயிறு பூசையில் பாடுவதை நிறுத்தினாள். அன்ரனுடன் கதைப்பது குறைந்தது. என்னுடன் கதைத்தாள், ஆனால் எதைப் பற்றியும் இல்லை. சில மாதங்கள் கழித்து ஒரு நாள், புள்ளிகளை உயர்த்துவதற்காக ஆல்பனியில் இருந்த பல்கலைக்கழக வளாகத்தில் இரண்டு பாடங்கள் எடுத்திருப்பதாகச் சொன்னாள். நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு, பாலம் தாண்டி, வேலை முடிந்ததும் ஓடவேண்டும். திரும்பவும் விண்ணப்பிக்கப் போகிறாயா என்று கேட்டேன். "தெரியேல்ல. வேற என்ன செய்யிறது எண்டும் தெரியேல்ல" என்றாள். நம்பிக்கையோடு படிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இவள், படிப்பை விட்டுவிட்டால் விழுந்துவிடுவோம் என்பதுபோலப் படித்தாள். அந்த வழியில்தான் ஒரு மழை நாளில், பொழுது படுகிற நேரத்தில், அது நடந்தது.

செத்தவீட்டில் வெயில் அடித்தது. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அன்ரன் ஒரு கதிரையில் இருந்தான். வந்தவர்கள் எல்லோரும் அவனிடம், கடவுளுக்கு ஒரு கணக்கு இருக்கும் என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஒருவர், "படிப்புக்காகவே உயிரைக் குடுத்த பிள்ளை" என்றார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். படிப்பு அவளிடம் அதைக் கேட்கவில்லை. மழையும் களைப்பும் ஒரு லொறியும் எடுத்துக்கொண்டன. அவள் வாழ்க்கை வீணாகவில்லை என்று இந்தக் குறிப்பில் எழுதச் சொல்லிச் சிலர் என்னிடம் கேட்டிருந்தார்கள். எழுத முயன்றேன், முடியவில்லை. அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. அது நடக்கவில்லை. அதற்காகக் கொடுக்கக்கூடாது என்று வைத்திருந்ததையும் கொடுத்தாள். அதற்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

இறந்த பிறகு ஆல்பனிப் பரீட்சை முடிவு தபாலில் வந்தது. அன்ரன் பிரித்துப் பார்த்தான். எழுதி முடித்திருந்த ஒரு பாடத்துக்கு பி. "அதே பி, அக்கா" என்றான். அதைச் சொல்லிவிட்டுத்தான் அவன் அழத் தொடங்கினான்.

கடைசியாக ஒரு சம்பவம். அவள் இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு மவுண்ட் வெல்லிங்டன் கடைத்தொகுதியில் சாமான் வாங்கிக்கொண்டு காருக்குத் திரும்பினோம். பைகளை வைத்துவிட்டு, பின்கதவைச் சாத்தாமல் கேட்டாள்.

"நான் நல்ல டொக்டரா வந்திருப்பன் எண்டு நினைக்கிறியளோ?"

"ஓம்" என்றேன்.

"சும்மா சொல்லுறியள்."

"சும்மா இல்லை. போன கிழமை ஒரு மனிசி வந்ததெல்லோ, யாழ்ப்பாணத்து ஆள், இடது கைச் சட்டையை உயர்த்தமாட்டன் எண்டு நிண்டவ."

அந்தப் பெண் புதிதாக வந்த அகதி. இரத்தம் எடுக்க வந்து, இடது கையை மறு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். சட்டைக் கைக்குக் கீழே தழும்பு ஆரம்பிப்பது எனக்குக் கவுண்டரிலிருந்தே தெரிந்தது. வேறு யாராக இருந்தாலும் என்ன நடந்தது என்று கேட்டிருப்பார்கள், நான் கேட்டிருப்பேன். பிலோமினா தன் முக்காலியைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் போய், வலது கையை வாங்கினாள். இஞ்ச பஸ் நேரத்துக்கு வராது என்றாள். வாடகை எவ்வளவு, வீட்டில் ஹீற்றர் இருக்கா, மீன் எங்கே வாங்குகிறீர்கள் என்று விசாரித்தாள். ஊசி போய் வந்தது அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. எழும்பிப் போகும்போது அவர் இடது கையை விட்டிருந்தார். அது பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

"நீ அவவிட்ட ஒண்டும் கேக்கேல்ல. அதாலதான் சொல்லுறன்" என்றேன்.

பிலோமினா கார்க் கதவைச் சாத்தினாள். "அதுக்கு மார்க்ஸ் இல்லை அக்கா" என்றாள். நாங்கள் வீட்டுக்குப் போனோம்.

அவளிடமிருந்து நான் எடுத்துவைத்திருப்பது இது ஒன்றுதான்: கேட்காமல் இருப்பது. கவுண்டருக்கு முன்னால் யாராவது கையை மறைத்துக்கொண்டு நின்றால், அவர்களாகச் சொல்ல நினைக்கும்வரை மழையைப் பற்றியும் மீனைப் பற்றியும் கதைக்கிறேன். பலர் சொல்வதில்லை. சொல்லாமலே இரத்தம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். இது எனக்கு ஆறுதல் தருவதில்லை. ஆனாலும் செய்கிறேன், ஒவ்வொரு நாளும்.