அண்ணாச்சிக்குத் தெரிந்த போர்டுகள்

"அக்கா, அப்பா போயிட்டாவ" என்று காலையில் செல்வி போனில் சொன்னாள். தென்காசி பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்த மாடசாமி அண்ணாச்சியை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அழுதுகொண்டே எழுத உட்கார்ந்தேன். சந்தோஷம்தான் முந்திக்கொண்டு வருகிறது.

பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்குப் பேச்சு அப்படியே இருந்தது, எழுத்தைப் படிக்கும் திறன் போய்விட்டது. பேச்சுக்கும் வாசிப்புக்கும் பயிற்சி கொடுக்கும் என்னிடம் மகள் செல்வி அழைத்து வந்தாள். எழுத்து அட்டைகளை நீட்டினேன், ஒன்றும் பிடிபடவில்லை. அவருக்கு வேண்டியதோ ஒன்றே ஒன்று: சாரல் தொடங்கியதும் தனியாகக் குற்றாலம் போய்க் குளிக்க வேண்டும். "எந்த பஸ்ஸுன்னு எப்படிப்பா தெரியும்?" என்று செல்வி மறுத்தாள்.

ஒருநாள் அவருடன் பஸ் நிலையத்தில் நின்றேன். தூரத்தில் ஒரு பஸ் திரும்பியதுமே, "இலஞ்சி வண்டி வருதும்மா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நேரத்தை வைத்துச் சொல்கிறாரோ? போர்டுகளைப் படமெடுத்து, லேப்டாப்பில் கண்ணிமைக்கும் நேரம் மட்டும் காட்டினேன். குற்றாலம், செங்கோட்டை, பண்பொழி, எல்லாம் சரி! அவர் பார்த்தே இராத ஊர்ப் பெயர்களுக்கு மட்டும் உதட்டைப் பிதுக்கினார்.

"படிக்கலம்மா, தெரியுது. வருசக்கணக்காப் பாத்த மூஞ்சில்லா!"

நான் குதிக்காத குறைதான்.

அடுத்த வாரமே சறுக்கினோம். எல்இடி போர்டு மாட்டிய குற்றாலம் பஸ் எதிரிலேயே நின்றது, அண்ணாச்சி விழித்தார். பெயர் அதேதான், எழுத்தின் தோற்றம்தான் புதிது. பஸ் போய்விட்டது. "சரி, இவனையும் பழக்கிக்கிடுவோம்" என்றார். செல்வி அந்தப் போர்டைப் படமெடுத்துக் காலையும் மாலையும் காட்டிக்கொண்டே இருந்தாள். ஒருநாள் பட்டென்று பிடித்துவிட்டார்!

சாரல் வந்தது. தனியாகவே கிளம்பினார். மதியம் தாண்டியும் ஆளைக் காணோம். செல்வி என்னைத் திட்டித் தீர்த்தாள். சாயங்காலம் ஈரத்துண்டும் திருநீறுமாக வந்து இறங்கினார்.

"குளிச்சிட்டு நிக்கேன், பண்பொழி போர்டு வருது. ஏட்டி, ஏறாம எப்படி இருப்பேன்? அங்க மலைமேல முருகனையும் பாத்துட்டு வாறேன்."

செல்வி சிரித்துக்கொண்டே அழுதாள். இரண்டு ஊர் சுற்றிவிட்டு வந்த அந்த முகத்தின் பெருமையைத்தான் அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருக்கிறேன்.

இன்று அவர் வீட்டுக்கு ஆட்டோவில் போனேன். தெருமுனைச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். கிட்டே போகவே இல்லை, அதற்குள் கண்ணில் உங்கள் பெயர். படிக்கவில்லை அண்ணாச்சி, தெரிந்துவிட்டது.