டில்லிக்குப் போன சாவு மேளம்

எங்கள் குப்பத்துக்கு டி.வி. வரப்போகிறது என்ற செய்தியை முதலில் கொண்டுவந்தவள் நான்தான். இந்தப் பெருமையை இன்றுவரை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. மூன்றாம் வகுப்பில் இருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு மயிலாப்பூரிலிருந்து நடந்து வரும் வழியில், கடற்கரைச் சாலையோரம் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்த ஆட்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. டில்லியிலிருந்து அமைச்சர் வருகிறார், கூடவே கவர்மெண்ட் டி.வி.யும் வருகிறது. புத்தகப் பை முதுகில் குதிக்கக் குதிக்க ஓடிப்போய், மீன் விற்றுக்கொண்டிருந்த அத்தையிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். அத்தை கையிலிருந்த வஞ்சிரத்தைப் பலகையில் போட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டாள். காரைவிட்டு இறங்காமலே பேரம் பேசிக்கொண்டிருந்த அடையாறுக்காரர், "துண்டு போடும்மா, நேரமாச்சு" என்று கத்தியது அவளுக்குக் கேட்கவே இல்லை.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. அப்பா படகில் போய்க் கொண்டுவருவதை, அத்தை சாலையோரத்தில் நீலத் தார்ப்பாய் கட்டி விற்பாள். அதில்தான் எங்கள் இரண்டு வீட்டிலும் உலை கொதித்தது. அந்தத் தார்ப்பாய்க்குத்தான் அப்போது ஆபத்து வந்திருந்தது. கடற்கரையை அழகுபடுத்தப் போகிறார்களாம். நடக்கக் கல் பாதை, உட்கார பெஞ்சு, பார்க்கப் புல்தரை. மீன் விற்கிற பெண்கள் எங்கே போவது என்று கேட்டால் மட்டும் எல்லா அதிகாரிகளுக்கும் உடனே போன் வந்துவிடும். தனியார் சேனல்களுக்கும் சொல்லிப் பார்த்தாயிற்று. அடிதடி ஏதாவது நடந்தால் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆனால் கவர்மெண்ட் டி.வி. வேறு. அத்தைக்கு அது கிட்டத்தட்ட சாமி. எங்கள் வீட்டில் இருந்ததே அரசாங்கம் கொடுத்த இலவச டி.வி.தான். அதில் சாயங்காலச் செய்தி முடிந்ததும் வானிலை சொல்வார்கள். அந்த நேரம் குப்பத்தில் கைக்குழந்தை அழுதால்கூட வாயைப் பொத்துவார்கள். காற்று வரும், கடலுக்குப் போகாதே என்று டி.வி. சொன்னால் அப்பா வலையை மடித்து வைத்துவிடுவார். பயமில்லை என்றால் அப்போதே கிளம்பிவிடுவார். ஒருமுறை கடல் குளம்போலக் கிடந்தது, டி.வி. மட்டும் போகாதே என்றது. அப்பா முணுமுணுத்துக்கொண்டே கரையில் இருந்தார். மறுநாள் அடித்த காற்று, மணலில் ஏற்றி வைத்திருந்த படகுகளையே புரட்டிப் போட்டது. அன்றிலிருந்து அத்தை அந்த டி.வி.க்கு வெள்ளிக்கிழமை தவறாமல் பொட்டு வைத்தாள்.

"அது பொய் சொல்லாது. நம்ம ஆம்பளைங்க உசுர காப்பாத்துற டி.வி. அது. அதுல ஒரு தபா நம்ம பேச்சு வந்துட்சின்னா போதும், டில்லி வரிக்கும் கேக்கும்" என்று அன்றைக்குக் கூடியிருந்த எல்லாப் பெண்களிடமும் சொன்னாள்.

என்ன செய்வது என்பதற்கு யோசனை சொன்னவர் என் தாய்மாமன். மாமா சாவு மேளம் அடிக்கும் செட்டில் இருந்தார். வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்கிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் சாவு ஊர்வலத்தில் அழுகிறவர்களைவிட ஆடுகிறவர்கள்தான் அதிகம். பாடைக்கு முன்னால் மேளம் கிழியும், பூவை அள்ளி அள்ளி வழியெல்லாம் இறைப்பார்கள், போனவர் ராஜாவைப்போலப் போவார். அதைக் கேட்டால் காலைக் கட்டிப்போட்டாலும் ஆட்டம் வந்துவிடும்.

"மனு குட்தா எவனும் பாக்க மாட்டான்க்கா. சாவுன்னா பஸ்ஸே நின்னு பாக்கும். ஒரு பாடை கட்டுவோம். அதுல ஒரு காலி மீன் கூடைய வெப்போம். மீன்காரி பொழப்பு செத்துப்போச்சின்னு எட்த்துக்கினு போவோம்" என்றார் மாமா.

எல்லோருக்கும் ஒரே குஷி. துக்கம் கொண்டாடுவதற்கு அவ்வளவு சந்தோஷமாகத் தயாரான ஊர் வேறு இருக்காது. அப்போதுதான் அத்தை ஒரு முடிவு எடுத்தாள். நாடே பார்க்கப் போகிறது, நாறின புடவையோடு நின்றால் குப்பத்துக்கே அசிங்கம், எல்லோரும் பட்டுக் கட்டிக்கொண்டு வரவேண்டும். ஒருத்திகூட மறுத்துப் பேசவில்லை. பரண்மேல் இருந்த தகரப் பெட்டிகள் இறங்கின. குப்பம் முழுக்க மீன் வாடையை மீறிப் பாச்சை உருண்டை வாடை வந்தது. அத்தை தன் கல்யாணக் கிளிப்பச்சைப் பட்டை எடுத்தாள். அம்மா எனக்கு ஜிகினா வைத்த பாவாடையை மாட்டி, முகத்தில் பவுடரை அப்பி, மயிலாப்பூர்க் குளத்தங்கரைக் கடையிலிருந்து வாங்கிவந்த மல்லிகைப்பூவைத் தலை கொள்ளாமல் வைத்துவிட்டாள்.

அமைச்சர் வந்த காலையில் மாமாவின் செட்டு அடித்த அடியில் காகங்கள் தெறித்து ஓடின. பாடையை நாலு பெண்கள் தூக்கினார்கள். கூடை காலி என்பதே தெரியாத அளவுக்கு அதன்மேல் சாமந்தி. நான் முன்னால் போய் ஆடினேன். ஆடினேன் என்று சாதாரணமாகச் சொல்லக் கூடாது, உயிரைக் கொடுத்து ஆடினேன். கேமராக்காரர் மணலில் மண்டி போட்டு என்னைப் படம் பிடித்தார். "பாப்பா, சூப்பர், இன்னொரு வாட்டி" என்றார். இன்னொரு வாட்டி ஆடினேன். அமைச்சரின் கார் கண்ணாடியை இறக்காமல் எங்களைத் தாண்டிப் போனது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அமைச்சர் யாருக்கு வேண்டும்? டி.வி. நின்றுவிட்டதே!

மைக் பிடித்திருந்த இளம்பெண் அத்தையிடம் வந்தாள். அத்தை இரண்டு நாளாக மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே பழகி வைத்திருந்த பேச்சு அது. தடங்கலே இல்லாமல் வந்தது.

"எங்க பாட்டன் காலத்துலேர்ந்து இங்கதான் வித்துக்கினு கீறோம். எங்கள தூக்கிட்டு புல்லு வெக்கிறேன்றீங்க. வைங்க. அந்தப் புல்லு வந்து மீனு வாங்குமா? எங்க எடத்த எங்களுக்கு வுட்டுடுங்க. அவ்ளோதான் கேக்கறோம்."

"ரொம்ப நல்லாப் பேசுனீங்கம்மா" என்றாள் அந்தப் பெண். அத்தைக்குக் கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. அவளுக்கு ஒரு கிலோ சங்கரா மீனைச் சுத்தம் செய்து, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல வண்டியில் வைத்து அனுப்பினாள்.

சாயங்காலம் டி.வி.யைத் தூக்கி வாசலில் ஸ்டூல்மேல் வைத்தோம். இருந்தவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள், பட்டுப்புடவைகளைக்கூட அவிழ்க்காமல். செய்தி வாசிப்பவர் ஏதேதோ சொல்லிக்கொண்டே போனார். எனக்கு ஒண்ணுக்கு முட்டிக்கொண்டு வந்தது, ஆனாலும் எழுந்திருக்கவில்லை. திடீரென்று, அடடா, திரை முழுக்க நான்! என் ஜிகினா மின்னுகிறது, என் ரெட்டைச் சடை பறக்கிறது. "நான்தான்! நான்தான்!" என்று கத்தினேன். எனக்குப் பின்னால் மாமாவின் மேளம், பறக்கிற பூ, பாடை தெரியாமல் சாமந்திக் கூடை மட்டும். பிறகு அத்தை. கிளிப்பச்சையில் ராணி மாதிரி இருந்தாள். அவள் வாய் அசைந்தது. குரல் மட்டும் வரவில்லை. அதன்மேல் செய்தி வாசிப்பவரின் வழவழப்பான குரல் ஓடியது.

"கடற்கரை அழகுபடுத்தும் திட்டத்தைப் பார்வையிட வந்த அமைச்சருக்கு, மீனவ மக்கள் பட்டாடை உடுத்தி, மேளதாளம் முழங்க, மலர் தூவி உற்சாக வரவேற்பு அளித்தனர். அலங்கரிக்கப்பட்ட மீன் கூடையையும் காணிக்கையாகக் கொண்டுவந்தனர்."

நான் கைதட்டினேன். நான் ஒருத்திதான் தட்டினேன் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. மாமா மேளக் குச்சியைத் தரையில் வீசினார். அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் வானிலை வந்துவிட்டது. பழக்கம் விடுமா? அத்தனை பேரும் கோபத்தோடு வாயை மூடிக்கொண்டு வானிலை கேட்டார்கள். கடல் இயல்பாக இருக்கும் என்றார்கள். வானிலை முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்கள் பாருங்கள், அந்தத் திட்டுகளை இங்கே எழுத முடியாது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் நான் நட்சத்திரம். டீச்சர் என்னை மேசைக்குப் பக்கத்தில் நிறுத்தி வகுப்பையே கைதட்ட வைத்தார். அமைச்சர் முன்னால் நாட்டியம் ஆடிய பிள்ளை என்றார். சாவுக்குத்துக்கு மயிலாப்பூரில் அப்படி ஒரு மரியாதை அதற்கு முன்னும் பின்னும் கிடைத்திருக்காது.

சனிக்கிழமை எல்லோரும் டி.வி. ஆபீசுக்குப் போனோம். இந்த முறை பட்டு இல்லை. மீன் விற்ற புடவையிலேயே வரவேண்டும் என்பது அத்தையின் கட்டளை. எனக்கு ஒரே வாரத்தில் இரண்டாவது ஊர்வலம், தரையில் கால் பாவவில்லை. கேட்டுக்கு வெளியே வெள்ளைச் சட்டை போட்ட ஓர் அதிகாரி வந்து நின்றார். நல்ல மனிதர்தான். எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

"ஏம்மா, மேளம் அடிச்சீங்களா இல்லையா?" என்று கேட்டார்.

"அடிச்சோம்" என்றாள் அத்தை.

"பூ போட்டீங்களா?"

"போட்டோம்."

"பட்டுப் புடவை?"

"கட்னோம்."

"அப்புறம் நாங்க என்ன பொய் சொல்லிட்டோம்? இருந்ததைத்தானே காட்டினோம்?"

அத்தை முந்தானையை இழுத்துச் செருகினாள். பிறகு, "நான் பேசனது எங்க சார்?" என்றாள்.

"செய்தியில நேரம் இல்லம்மா."

"மேளத்துக்கு நேரம் கீது, என் வாய்க்கு இல்லியா?"

இதற்குள் தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பெண்களெல்லாம் ஒரே நேரத்தில் பேச, ஓர் ஆட்டோக்காரர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு எங்களோடு சேர்ந்துகொண்டார். "எந்தக் கட்சி மேல குந்திக்கினு கீதோ, அதுக்கு ஜால்ரா. எப்பவும் இதே கதைதான்" என்று அவர் கேட்டைப் பார்த்துக் கத்தினார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது. கையில் கறிகாய்ப் பையோடு நின்றிருந்த ஒரு மயிலாப்பூர்ப் பெரியவர் அத்தையிடம் மெதுவாகச் சொன்னார்:

"எங்காத்துல அந்த நியூஸைப் பாக்கறதையே விட்டுட்டோம்மா. மேலேருந்து என்ன சொல்றாளோ அதைப் படிச்சுண்டு இருக்கா. நீங்களும் விட்டுடுங்கோ, நிம்மதியா இருக்கலாம்."

"நீங்க வுட்டுடலாம் சாமி. எங்களால முடியுமா?" என்றாள் அத்தை.

அதிகாரி மேலிடத்துக்குச் சொல்கிறேன் என்றார். திரும்பி வரும்போது அத்தை கடைசி ஆளாக, கடலையே பார்த்துக்கொண்டு நடந்தாள். நான் ஆட்டோக்காரர்போலவே "ஜால்ரா, ஜால்ரா" என்று கத்திக்கொண்டு முன்னால் ஓடினேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அந்த வாரத்து நிகழ்ச்சிகளைத் தொகுத்துக் காட்டுவார்கள் என்று பள்ளித் தோழி ஒருத்தி சொல்லியிருந்தாள். நான் சீக்கிரமே டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டேன். முதலில் செய்தி, பிறகு வானிலை. காற்று இல்லை, மீனவர்கள் கடலுக்குச் செல்லலாம் என்றார்கள். அப்பா வழக்கம்போல எழுந்து வலையைத் தோளில் போட்டார்.

"இர்றா" என்றாள் அத்தை.

"அதான் சொல்லிட்டாங்களேக்கா."

"சொன்னாங்க. காத பொத்திக்கினா இருந்தேன்? நீ கொஞ்சம் இரு, நான் வரேன்."

அத்தை வெளியே போனாள். அப்பா வலையை இறக்கி வைக்கவும் இல்லை, கிளம்பவும் இல்லை. வாசல்படியிலேயே நின்றார். எனக்கு அதையெல்லாம் பார்க்க ஏது நேரம்? டி.வி.யில் தொகுப்பு ஆரம்பித்துவிட்டது. எங்கெங்கோ பாலம் திறந்தார்கள், ரிப்பன் வெட்டினார்கள். பிறகு கடல் தெரிந்தது, எங்கள் கடல்! நான் வரப்போகிறேன்! அத்தையும் வருவாள்! அவள் இதைப் பார்க்காமல் விட்டால் எப்படி? வாசலுக்குப் பாய்ந்து, அப்பாவை இடித்துக்கொண்டு, மணலில் விழுந்து எழுந்து ஓடினேன்.

அத்தை படகுகளைத் தாண்டி, அலை காலை நனைக்கும் இடத்தில் நின்றிருந்தாள். பக்கத்தில் இன்னும் சில பெண்கள். அவர்கள் வீட்டிலும் அதே டி.வி. அதே வானிலையைத்தான் சொல்லியிருக்கும். எல்லோரும் கிழக்கே, கடலுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அத்தே, வா! டி.வி.ல நம்மள மறுபடியும் காட்றாங்க!"

அத்தை திரும்பவில்லை. புறங்கையை நாக்கால் ஈரப்படுத்தி, காற்றில் நீட்டிப் பிடித்தாள்.

"காத்து இல்லன்னு டி.வி.லயே சொல்லிட்டாங்களே அத்தே" என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அதோ அந்த மேகத்த பாரு கண்ணு" என்றாள். "உன் கண்ணு சின்னக் கண்ணு, நல்லாத் தெரியும். அது நம்ம பக்கமா வருதா, அப்படியே நிக்குதா? பாத்து நெஜத்த சொல்லு."

வீட்டுப் பக்கமிருந்து, டி.வி.யில் மாமாவின் மேளச் சத்தம் கேட்டது. என் ஆட்டம் ஆரம்பித்துவிட்டது. நிக்குது அத்தே என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் டி.வி.யை நோக்கி ஓடினேன். மேகத்தை நான் பார்க்கவே இல்லை.